பத்தாயிரம் போதும்

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை என்று மெக்கானிக் முடிவு கட்டினார். காரணம் இருந்தது. அன்று மதியம் இரண்டு மணிக்குத் தெருமுனைப் படிப்பகத்தில் சதுரங்க இறுதிப் போட்டி. எதிராளி சலூன்காரர். மூன்று வருஷமாகக் கோப்பை சலூன்காரர் கடையில்தான் இருக்கிறது. அதில் சீப்புகளைச் செருகி வைத்திருக்கிறார். முடி வெட்டிக்கொள்ளப் போகும்போதெல்லாம் மெக்கானிக் அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டும்.

மனைவியும் ஒரு முடிவு கட்டியிருந்தாள். திங்கட்கிழமை அவள் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். ஸ்டோர் ரூமைக் காலி செய்து, கழுவி, கட்டில் போட வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை அது உங்க வேலை" என்றாள்.

மெக்கானிக் மாட்டேன் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷ அனுபவம். யோசித்தார்.

அவருக்கு வேலை பிஸ்கட் ஃபேக்டரியில். பொட்டலம் கட்டும் மெஷினில் கத்தி எப்போது இறங்க வேண்டும் என்று எண் வைப்பவர் அவர்தான். எல்லாம் மில்லிசெகண்ட். ஒரு செகண்டை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. ஐம்பது கூடினால் பிஸ்கட் இரண்டாகும். ஐம்பது குறைந்தால் வெறும் காற்று பொட்டலமாகும். அங்கே யாரும் மில்லிசெகண்ட் என்று வாயால் சொல்வதில்லை. 'இருநூறு' என்றாலே எல்லோருக்கும் புரியும்.

பெரிய எண்ணைக் காட்டி ஆளை மயக்கலாம் என்று தோன்றியது.

"இங்க பாரு, என் ஞாயித்துக்கிழமையில உனக்கு ஆறு லட்சம் தரேன்."

"ஆறு லட்சம் என்ன?"

"மில்லிசெகண்ட்!"

மனைவி கண்ணை அகல விரித்தாள். "அம்மாடியோ! அவ்வளவு எதுக்குங்க எனக்கு? பேராசையா? பத்தாயிரம் போதும்."

ஆறு லட்சம் என்றால் பத்து நிமிஷம். அதுவே தண்டம் என்று நினைத்திருந்தார். பத்தாயிரம் என்றால் பத்தே செகண்ட்! ஒரு வாளியைத் தூக்கி வைத்தால் முடிந்தது. இவளிடமா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது.

"எழுத்துல கொடு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

எழுதினாள். 'ஞாயிறு, ஸ்டோர் ரூம், பத்தாயிரம்.' அவர் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஸ்டோர் ரூமுக்குள் போனார். வாளியைத் தூக்கினார். பத்து எண்ணினார். வைத்தார்.

"ஆச்சு."

"என்ன ஆச்சு? பத்துதான் ஆச்சு. இன்னும் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு இருக்கு."

மனைவிக்கு வேலை போனில் புகார் கேட்கும் ஆபீசில். அங்கே எல்லாம் செகண்ட். சாப்பாட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு, டீக்கு அறுநூறு. தினமும் வந்து சொல்வாள். மெக்கானிக் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை.

"பத்தாயிரம் மில்லிசெகண்டுடீ!"

"அப்படின்னு எழுதியிருக்கா?"

"எங்க ஃபேக்டரியில..."

"இது ஃபேக்டரியா? பத்து செகண்ட் வேலைக்கு எவளாவது எழுதிக் கையெழுத்து வாங்குவாளா? நீங்களே சொல்லுங்க."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். பத்தாயிரத்தை அறுபதால் வகுத்தார். நூற்று அறுபத்தாறு நிமிஷம், நாற்பது செகண்ட். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டுக்குள் முடியும். போட்டி இரண்டுக்குத்தானே? போகட்டும்.

பையிலிருந்து ஃபேக்டரி ஸ்டாப்வாட்சை எடுத்தார்.

"சரி. ஒரு மில்லிசெகண்ட் கூடக்கூடாது."

"குறையவும் கூடாது. ஆமாங்க, ஒரு சந்தேகம். உங்க மெஷின் நின்னா பொட்டலம் எண்ணுற கவுண்டர் ஓடுமா?"

"எப்படி ஓடும்? மெஷின் ஓடினாத்தான் கவுண்டர் ஓடும்." தொழில் விஷயத்தில் அவர் பொய் சொல்வதில்லை.

"அப்ப சரி. உங்க கையெல்லாம் தூசி, கொடுங்க, வாட்சை நான் வச்சிக்கிறேன்."

கொடுத்தார். அவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

முதல் பெட்டியை நகர்த்தினார். பின்னால் ஒரு டேபிள் ஃபேன்.

"இதைத் தூக்கிப் போட்டுடலாமே. ஓடாதே" என்றாள்.

"ஓடாதா? எவன் சொன்னான்?"

க்ளிக். வாட்ச் நின்றது. அவர் கவனிக்கவில்லை. ஃபேனைப் பிரித்தார், துடைத்தார், மாட்டினார். முக்கால் மணி நேரம். ஃபேன் ஓடவில்லை.

இரண்டு பெட்டி கழித்து, "கட்டிலை இந்தச் சுவத்தோரம் போடலாமா, அந்தச் சுவத்தோரமா?" என்றாள்.

மெக்கானிக்கிடம் கருத்துக் கேட்டால் கருத்து மட்டும் வராது. முன்கதையும் வரும். கட்டில் வாங்கிய நாளிலிருந்து தொடங்கினார். அவள் தம்பி விலை பேசிய லட்சணத்துக்கு வந்தபோது குரல் தெருவுக்குக் கேட்டது. க்ளிக்.

பன்னிரண்டு மணிக்குச் சலூன்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மெக்கானிக், வர்றீங்களா? இல்ல நான் மட்டும் போய்க் கோப்பையைத் தூக்கிட்டு வந்துரவா?"

விடுவாரா? துடைப்பத்தோடு வெளியே வந்தார். போன வருஷம் தான் ஏன் தோற்கவில்லை, தோற்றதுபோல் எப்படித் தெரிந்தது என்று நாற்பது நிமிஷம் விளக்கினார். மனைவி சலூன்காரருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதற்கு முன்னாலேயே க்ளிக்.

ஒன்றேகால் மணிக்கு வாட்சை எட்டிப் பார்த்தார். நாலாயிரத்து நூற்று இருபது செகண்ட்.

"என்னடீ இது? ஒன்பதிலிருந்து நாலேகால் மணி நேரம் ஆச்சு! பதினஞ்சாயிரத்து முந்நூறு காட்டணும்!"

"நீங்க நின்னா அது நிக்கும். உங்க சட்டம்தானே?"

"பேசினா நிறுத்துவியா?"

"பேசிட்டே வேலை செஞ்சா நான் ஏன் நிறுத்தப் போறேன்? நீங்கதான் ரெண்டு கையையும் ஆட்டாம பேச மாட்டீங்களே."

அதை மறுக்க அவர் இரண்டு கையையும் ஆட்டினார். இருபது நிமிஷம் ஆட்டினார். மீதி ஐயாயிரத்து எண்ணூற்று எண்பதும் அப்படியே இருந்தது.

"நான் போறேன்."

"போங்க, தாராளமா. வீட்டுக்காரர் பத்தாயிரம் வரைக்கும் எண்ண முடியாம ஓடிட்டார்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க ஆபீஸ்ல ஒரு நாலு பேர்கிட்ட மட்டும்."

மெக்கானிக் பல்லைக் கடித்தார். கையெழுத்து அவருடையது. எண்ணும் அவருடைய தொழில். பத்தாயிரத்தை முடித்தே தீருவது என்று உள்ளே போனார்.

உறுதி இருந்தது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை. பழைய இஸ்திரிப்பெட்டி ஒன்று கிடைத்தது. அதைப் பற்றி அவருக்குச் சொல்ல இருந்தது. இரண்டு மணி அடித்தது. அதைப் பற்றியும் இருந்தது. க்ளிக். க்ளிக்.

மூன்றரை மணிக்குச் சலூன்காரர் வந்தார். கக்கத்தில் கோப்பை.

"அரை மணி நேரம் பார்த்தோம் மெக்கானிக். அப்புறம் ஆளு வரலைன்னு எழுதிக்கிட்டாங்க. உங்க ராஜா பாவம், அசையாம உக்காந்திருக்கு. பயந்துட்டீங்கன்னு பசங்க பேசிக்கிறாங்க. அப்படியா?"

மெக்கானிக்கின் முகம் சிவந்தது. துடைப்பம் கீழே விழுந்தது. இரண்டு கையும் மேலே எழுந்தன. வாய் திறந்தது. நாலு வருஷத்துப் பதில் தொண்டையில் வந்து நின்றது.

மனைவி வாட்சை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். எட்டாயிரத்து இருநூறு. மீதி ஆயிரத்து எண்ணூறு. அவள் கட்டைவிரல் பொத்தானின் மேல் தயாராக இருந்தது.

மெக்கானிக் வாயை மூடினார். குனிந்து துடைப்பத்தை எடுத்தார்.

"அண்ணே, உக்காருங்க" என்றாள் மனைவி சலூன்காரரிடம். "அரை மணி நேரம் நீங்க என்ன வேணா சொல்லலாம்."