ஒருமனதாக ஒரு வேலி

எண்ணூர் முகத்துவாரத்தில் இயற்கைக்கும் மனித முன்னேற்றத்துக்கும் கல்யாணம் செய்துவைத்த பெருமை அடியேனையே சேரும். 2003-இல் எங்கள் ஆலையின் 'நீடித்த வளர்ச்சிக் குழு'வுக்கு நான்தான் செயலாளர். அதற்கு முன் கேன்டீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் டீ சப்ளைதான் முக்கியம்.

ஆழமில்லாத பகுதியில் அலையாத்திக் கன்று நட்டு, மனிதர் கால் படாதபடி சுற்றிலும் வேலி போடத் தீர்மானித்தோம். குறுக்கே ஆலையின் கழிவுக் குழாய் போனது. அதற்குக் கால் இல்லாததால் விலக்கு அளித்தோம்.

'மக்கள் கருத்து' கேட்காமல் நாங்கள் எதையும் செய்வதில்லை. கரையில் நின்று ஒலிபெருக்கியில் நானே கேட்டேன்: "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

கழுத்தளவு நீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொறியாளர் ரகுபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலி போட்ட மறுநாள், அந்தப் பெண்களில் ஒருவரான சிவந்தி ஆலை வாசலுக்கு வந்தார்.

"இன்னா சார், நாங்க எறங்கற எடத்துல வேலி போட்டுகீறீங்க. அந்தத் தண்ணிய நம்பித்தான் என் வூட்ல அடுப்பே எரியுது."

"கேட்டப்போ ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"ரெண்டு கையும் தண்ணிக்குள்ள. இறாலு போடற ஓலப் பறிய பல்லுல கடிச்சிகினு கீறோம். வாயத் தொறந்தா பறி போயிடும் சார்."

"தலையையாவது ஆட்டியிருக்கலாமே?"

"ஆட்னோமே சார்."

அதைத்தான் நான் ஆமோதிப்பு என்று எழுதியிருந்தேன்.

"கொயாய்க்கு மட்டும் வேலில வயி வுட்டுகீறீங்க. அது பக்கத்துல நானும் பூந்துக்கறேன்."

"குழாய்க்கு அனுமதி இருக்கும்மா."

ஓராண்டில் பலன் தெரிந்தது. வேலிக்குள் மனித நடமாட்டம் அறவே இல்லை என்று விருது கொடுத்தார்கள். கழிவு நீரில் கன்றுகள் கருகி, இறால் நடமாட்டமும் நின்றிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

விருது விழா விருந்துக்கு நெல்லூரிலிருந்து இறால் வந்தது. தோலுரிக்கச் சிவந்தியைக் கூப்பிட்டோம். அறிக்கையில் அதன் பெயர் 'மாற்று வாழ்வாதாரம்'.

உரித்துக்கொண்டே அவர் கேட்டார்: "எங்களுக்கா சார் வேலி போடணும்? உங்க ஆலைக்குப் போட்டிருந்தா நாங்களும் பொயச்சிருப்போம், இறாலும் பொயச்சிருக்கும்."

நான் வாய் திறக்கவில்லை. வாய் நிறைய வறுத்த இறால். தலையை மட்டும் ஆட்டினேன். அதை ஆமோதிப்பு என்று எழுதிக்கொள்ள அவர் என்ன, குழுச் செயலாளரா?