ராசாத்தி அக்கா கிரைண்டரை நான் காப்பாத்தப் போன கதை

சனிக்கிழமை வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஓடைப்பட்டி போகணும், ஒரு பழைய கிரைண்டரை வண்டியில ஏத்தணும், தேனிக்குத் திரும்பணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம்னு நினைச்சேன்.

புதுசா இந்தப் பக்கத்தைப் படிக்க வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் தேனியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அது பொழப்பு. பழைய சமையல் மிஷின்களைத் தேடிப் பிடிச்சுக் காப்பாத்துறது என் சேவை. சேவைங்கிறது நான் சொல்ற பேரு. என் வீட்டுக்காரி செல்வி இதுக்கு வேற பேரு வச்சிருக்கா. அதை இங்க எழுத முடியாது.

வீட்டுல இப்ப மிக்ஸி பதினொண்ணு இருக்கு. ஓடுறது ஒண்ணு. அது செல்வியோடது, நான் தொடக் கூடாது. மயிலாடும்பாறையில ஒரு வீட்டுல மாட்டுக்குத் தவிடு அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்த மிக்ஸி ஜாரைக் கெஞ்சி வாங்கிட்டு வந்தவன் நான். அந்த மாடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கலை.

இல்லாதது ஒண்ணே ஒண்ணு. அந்தக் காலத்துப் பெரிய கிரைண்டர். இரும்புப் பெட்டி மாதிரி உடம்பு, மேல வட்டச் சட்டி, குழவியைப் பிடிச்சுக்க ஒரு இரும்புக் கை. ரெண்டு ஆள் பிடிச்சாத்தான் நகரும்.

உண்மையைச் சொன்னா, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்தது. கல்யாணத்துக்கு செல்வியோட அண்ணனுங்க குடுத்தது. எட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல அதைத் தூக்கிக் குடுத்துட்டு டேபிள் டாப் வாங்கிட்டு வந்தேன். கூட ஒரு ஹாட் பாக்ஸ் இலவசம். அப்ப எனக்கு இந்த ஞானம் வரலை.

இந்த மாதிரி சேவை பண்றவங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. அதுல ஒரு கோயம்புத்தூர்க்காரர், தினமும் தன்னோட கிரைண்டர் போட்டோவைப் போட்டுத்தான் காலை வணக்கம் சொல்வாரு. ஒரு வருசமா அந்த வணக்கத்தைத் தாங்கிக்கிட்டு இருந்தேன். ஓடைப்பட்டித் தகவல் கிடைச்சதும் வெள்ளிக்கிழமை ராத்திரியே குரூப்ல எழுதிட்டேன்: 'நாளை என் பதில் வரும்.' அதனால கிரைண்டர் இல்லாம நான் ஊர் திரும்ப முடியாது. இது மானப் பிரச்சனை.

குட்டி யானை லோடு வண்டி ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சேன். டிரைவர் பாண்டி, என் வயசு, அதிகம் பேச மாட்டாரு. ஆனா பேசுனா கேட்கணும். இது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது.

ஓடைப்பட்டியில தங்கராசு அண்ணன் திராட்சைத் தோட்டக்காரர். கொட்டகையில கிரைண்டரைக் காட்டுனாரு. பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தத்தை அந்தச் சட்டியிலதான் ஊறப் போட்டிருந்தாரு. சட்டி முழுக்க நீலம். குழவி எங்கேன்னு கேட்டேன். கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்குன்னாரு.

கிரைண்டர் பக்கவாட்டுல சிவப்புப் பெயிண்ட்ல அழகா எழுதியிருந்தது: 'ராசாத்திக்கு சின்னமனூர் அண்ணன்மார் சீர்.' ராசாத்தி அக்கா அவரோட சம்சாரம். அவங்களும் பக்கத்துலதான் நின்னாங்க. காசெல்லாம் வேண்டாம் தம்பி, இடம் காலியானாப் போதும்னாங்க.

நான் சும்மா எடுத்துட்டு வர்ற ஆள் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரன். சேகரிப்புக்குன்னு ஒரு படிவமே அடிச்சு வச்சிருக்கேன். அதை முறையா நிரப்பினேன். பொருளில் உள்ள பெயர்: ராசாத்தி. வயது: முப்பது வருடம். நிலை: ஓடவில்லை. அதுக்குக் கீழ அச்சிலேயே இருக்கும்: 'முழு மனதோடு ஒப்படைக்கிறேன். இனி எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' தங்கராசு அண்ணன் படிக்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.

ஏத்தி முடிச்சதும் அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. வண்டி சின்னமனூர் வழியாத்தானே போகுது, பீரோ ஒண்ணு பூட்டு மாத்தணும், அங்க பட்டறையில இறக்கி விட்டுர முடியுமான்னு கேட்டாரு. அதுவும் சீர் பீரோதான், கண்ணாடி வச்சது. ஓசியில கிரைண்டர் வாங்கிட்டு மாட்டேன்னு எப்படிச் சொல்றது? ஏத்தியாச்சு.

அடுத்து ராசாத்தி அக்கா வந்தாங்க. நாலு நாளா கண்ணு வலியாம். ரெண்டு கண்ணும் செக்கச்செவேல்னு இருந்தது, தண்ணி வடியுது. சின்னமனூர் கண்ணாஸ்பத்திரியில இறக்கி விட்டாப் போதும்னாங்க. கையில ரெண்டு பை. என்னக்கா இதுன்னேன். சேலைக்கு ஓரம் அடிக்கக் குடுக்கணுமாம். முன்சீட்டுல ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

பாண்டி வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு.

"அண்ணே, பின்னாடி சீர் சாமான், முன்னாடி அழுத கண்ணோட பொம்பளையாளு. பாக்குறவுக என்ன நெனைப்பாக? மேல தார்ப்பாய் போட்டு மூடிருவமா?"

தார்ப்பாயா? வெயில் அந்தச் சிவப்பு எழுத்துல பட்டு மின்னுது. நான் வீடியோ எடுக்க வேண்டாமா? கோயம்புத்தூர்க்காரர் பார்க்க வேண்டாமா? அதெல்லாம் வேண்டாம் பாண்டின்னுட்டேன். அவரு ஏறி வண்டியை எடுத்தாரு.

இந்த ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். பொண்ணுக்குப் போட்ட சீர் வண்டியேறி ஊர் தாண்டுதுன்னா என்ன அர்த்தம்னு இங்க மூணு வயசுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். புருசன்காரன் அத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டான்னு அர்த்தம். எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு என் கண்ணுக்கு கிரைண்டர் மட்டும்தான் தெரிஞ்சது.

ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள சனங்க நின்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. ஒரு அம்மா வாயில கை வச்சாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. பழமையோட அருமை தெரிஞ்ச ஊர்டான்னு நினைச்சு, அக்காவைத் தாண்டி ஜன்னல் வழியா எட்டிக் கையாட்டினேன். யாரும் திருப்பி ஆட்டலை.

சீப்பாலக்கோட்டையில டீக்கு நிறுத்தினோம். ராசாத்தி அக்கா இறங்கலை, கண்ணைத் துடைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. டீக்கடையில ஒரு பெரியவர் என்கிட்ட வந்து மெதுவா, எங்க கொண்டு போறீகன்னு கேட்டாரு. நான் ஒளிவு மறைவு இல்லாத ஆள். அக்காவை சின்னமனூர்ல இறக்கி விட்டுட்டு சாமானை நான் தேனிக்குக் கொண்டு போறேன்னு சொன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. டீயைக் குடிக்காம அப்படியே வச்சுட்டு, போனை எடுத்துக்கிட்டுத் தள்ளிப் போயிட்டாரு.

பாண்டி மட்டும் பெருமூச்சு விட்டாரு.

சின்னமனூர் நுழையுற இடத்துல ரோட்டுக்குக் குறுக்க மூணு பைக் நின்னது. வாழைத்தார் ஏத்துற லாரி ஒண்ணு. அதுக்கு முன்னாடி ராசாத்தி அக்காவோட அண்ணனுங்க மூணு பேரு. வாழை மண்டி வச்சிருக்கிறவங்க. மண்டியில இருந்த ஆளுங்க எல்லாரும் பின்னாடி நின்னாங்க. நான் ஏதாவது சாமி ஊர்வலமா இருக்கும்னு நினைச்சேன்.

மூத்தவர் ஜன்னல்கிட்ட வந்தாரு. தங்கச்சி முகத்தைப் பார்த்தாரு.

"ஆத்தா, முப்பது வருசம் கழிச்சா உன்னைய இப்படி அனுப்பிருக்கான்?"

அக்கா பதறிப் போயி, ஒண்ணுமில்லண்ணே, கண்ணு வலின்னாங்க. சொல்லச் சொல்லக் கண்ணுல தண்ணி கொட்டுது. பார்த்துக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் உச்சுக் கொட்டுனாங்க. இந்த நிலைமையிலயும் புருசனை விட்டுக் குடுக்காம பேசுறா பாருன்னு ஒருத்தர் சொன்னாரு.

அடுத்து எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. நீ யாருன்னு கேட்டாங்க. நான் இறங்கி, நான் பழைய கிரைண்டரைக் காப்பாத்துறவன்னு சொன்னேன். அந்த இடத்துல அதைச் சொன்னப்ப எனக்கே நம்பிக்கை வரலை.

சரி, ஆதாரம் காட்டுவோம்னு படிவத்தை எடுத்து நீட்டினேன். என் வாழ்க்கையில நான் பண்ண புத்திசாலித்தனங்கள்ல இதுக்குத் தனி இடம் உண்டு.

மூத்தவர் கண்ணாடியைப் போட்டுச் சத்தமா வாசிச்சாரு. பொருளில் உள்ள பெயர், ராசாத்தி. வயது, முப்பது வருடம். 'இனி எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' வந்ததும் நிறுத்திட்டாரு. கீழ மாப்பிள்ளையோட கையெழுத்து. கீழ்வரிசையில சாட்சின்னு என் கையெழுத்து.

ரெண்டாவது அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடிச்சுட்டாரு. கெட்டியாவெல்லாம் பிடிக்கலை. மரியாதையாத்தான் பிடிச்சாரு. ஆனா விடலை.

மாப்பிள்ளைக்குப் போன் போச்சு. உடனே வாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அரை மணி நேரத்துல தங்கராசு அண்ணன் மொபெட்டுல வந்து சேர்ந்தாரு. மருந்து கலக்கிக்கிட்டு இருந்தவரு, முழங்கை வரைக்கும் நீலம். பொண்டாட்டிக்கு என்னவோ ஏதோன்னு மூச்சிரைக்க ஓடி வந்து, ராசாத்தி, டாக்டர் என்ன சொன்னாரு, கண்ணுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையேன்னு கேட்டாரு.

அந்த ஒரு கேள்வியில கூட்டத்தோட கோவம் இறங்கிருச்சு. என் காலரும் விடுதலையாச்சு.

ஆளாளுக்குப் பேசி எல்லாம் தெளிவாச்சு. பீரோ பூட்டுக்கு, பை தையலுக்கு, அக்கா கண்ணுக்கு. அப்பாடான்னு நான் வண்டியில ஏறப் போனேன். மூத்தவர் என் தோள்ல கை வச்சாரு.

"கண்ணு வலின்னு எங்களுக்குத் தெரிஞ்சிருச்சு தம்பி. வழியில பாத்தவுகளுக்குத் தெரியுமா? சீர் திரும்பி வந்ததை மூணு ஊரு பாத்திருக்கு. அது வீட்டுக்குப் போறதையும் அதே மூணு ஊரு பாக்கணும்."

ஐயா, அது எனக்குக் குடுத்த கிரைண்டர், குரூப்ல சொல்லிட்டேன், என் மானம் போயிரும்னு கெஞ்சினேன். எங்க மானத்தை எடுத்துட்டு வந்த வண்டிகிட்ட நின்னு உங்க மானத்தைப் பத்தியா பேசுறீகன்னு கேட்டாரு. ஏற வச்ச காலைக் கீழ இறக்கினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளன்னு நடந்தது. அக்காவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி சொட்டு மருந்து ஊத்திக் கூட்டிட்டு வந்தாங்க. பட்டறையில பீரோவுக்குப் புதுப் பூட்டு. மெக்கானிக் ஒருத்தரை வரவழைச்சு கிரைண்டருக்கு வேற மோட்டார். நான் ஆறு மாசம் ரசிச்சு ரசிச்சுப் பண்ணலாம்னு வச்சிருந்த வேலையை அந்த மனுசன் ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டாரு. சட்டியிலிருந்த நீலத்தைப் புளி போட்டுத் தேய்ச்சு விளக்கினதும் அவருதான்.

கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ரெண்டு பக்கமும் வாழைத்தார். தேங்காய் பழத்தோட ஒரு சீர்த்தட்டு. தட்டை யாரு பிடிக்கிறதுன்னு பேச்சு வந்தது. எடுத்துட்டு வந்தவரே பிடிக்கட்டும்னு தீர்ப்பாச்சு.

குட்டி யானைக்குப் பின்னாடி, கிரைண்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மறுகையில தட்டோட நின்னேன். இந்தத் தடவையும் தார்ப்பாய் இல்லை. சீப்பாலக்கோட்டை டீக்கடைப் பெரியவர் ரோட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினாரு. நல்லபடியாப் பேசிச் சேத்து வச்சுட்டீகன்னு என் கையைப் பிடிச்சுப் பாராட்டினாரு. தேங்க்ஸ் சொன்னேன். வேற என்ன சொல்றது?

ஓடைப்பட்டியில கிரைண்டரை இறக்கி, கோழிக்கூண்டுல இருந்த குழவியைக் கழுவி மாட்டி, சுவிட்சைப் போட்டாங்க. ஓடுச்சு! தெரு முழுக்கக் கேட்குற மாதிரி ஓடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. மூத்தவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தங்கச்சி, இனிமே இதுலதான் ஆட்டணும்னாரு.

கிளம்புறப்ப ராசாத்தி அக்கா என்கிட்ட வந்தாங்க. கையில ஒரு பை திராட்சை.

"சின்ன கிரைண்டர் ஒண்ணு சத்தமில்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சு தம்பி. அதை எங்க தங்கச்சி மகளுக்குக் குடுக்குறேன்னு பெரியண்ணன் எடுத்துக்கிருச்சு. இனி இந்தக் குழவியைத் தூக்கிக் கழுவிக்கிட்டுக் கெடக்கணும். நீங்க நல்லா இருக்கணும்."

இதை விட மோசமா யாரும் என்னைத் திட்டினதில்லை.

திரும்பி வர்ற வழியில குரூப்பைத் திறந்தேன். நான் தட்டோட நின்னதைப் பாண்டிகிட்ட போட்டோ எடுக்கச் சொல்லி, வேற வழியில்லாம அதையே போட்டிருந்தேன். கோயம்புத்தூர்க்காரர் பதில் எழுதியிருந்தாரு: 'வாழ்த்துகள். வீட்டுல யாருக்குக் கல்யாணம்?'

வீடு சேர பொழுது சாய்ஞ்சிருச்சு. செல்விகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். சிரிப்பான்னு எதிர்பார்த்தேன். அவ சிரிக்கலை. திராட்சையைக் கழுவித் தட்டுல வச்சா. ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கிட்டு, அவுக அண்ணன் குடுத்த சீருக்கு மூணு ஊரு திரண்டுச்சான்னு கேட்டா. ஆமான்னேன்.

"எங்க அண்ணனுக குடுத்த கிரைண்டர் எங்கன இருக்கு?"

ஹாட் பாக்ஸைப் பார்த்தேன். ஹாட் பாக்ஸ் என்னைப் பார்த்தது.

பொங்கலுக்கு அவ அண்ணனுங்க ரெண்டு பேரும் வர்றாங்களாம். அதுக்குள்ள அது வீட்டுல இருக்கணுமாம். அதனால நண்பர்களே, பச்சைக் கலர், பக்கவாட்டுல 'செல்விக்கு அண்ணன்மார் அன்பளிப்பு'ன்னு எழுதியிருக்கும், யார் வீட்டுக் கோழிக்கூண்டுப் பக்கத்துலயாவது கண்ணுல பட்டா தயவுசெஞ்சு சொல்லுங்க.

ஹாட் பாக்ஸைத் திருப்பிக் குடுத்துர்றேன். மூடி மட்டும் கேட்காதீங்க.