அக்கரைப் பக்தர்

சொந்தத் தெருவில் சாமி வந்தால் ஜன்னலைச் சாத்துகிற ஒரு மனிதர், விமானம் ஏறிப் போய், அடுத்தவர் தெருவில் வருகிற சாமிக்காக வெயிலில் ஏன் கால்கடுக்க நிற்கிறார்? தத்துவவாதிகள் இதைவிடச் சின்னக் கேள்விகளுக்கெல்லாம் தலையணை அளவுக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த இனத்துக்கு அக்கரைப் பக்தர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளூரில் இவருக்குத் திருவிழா என்றால் காதடைப்பு, போக்குவரத்து நெரிசல், கண்ணெரிச்சல். எல்லை தாண்டியதும் அதே மேளம் ஆதிநாதமாகிவிடும், அதே நெரிசல் மக்கள் வெள்ளமாகிவிடும், அதே புகை "மனசை என்னமோ பண்ணும்." மூக்கு பழைய மூக்குதான். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்ததும் அதன் கொள்கை மாறிவிடுகிறது.

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இப்படி ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலக மேலாளர். ஒலிபெருக்கி கட்டினால் முதல் புகார் அவருடையது என்பதால் தெருவில் அவர் 'சத்தம் சார்'. விழாவை நடத்துகிற எதிர்க்கடைத் தையல்காரர் ஆண்டுதோறும் கழுத்தில் அளவு நாடாவோடு மாடியேறி வருவார். இந்த ஆண்டும் வந்தார்.

"சார், பல்லக்குக்கு ஒரு தோள் குறையுது. ஆள் கிடைக்கலேன்னா வண்டியில ஏத்தித் தள்ளச் சொல்லிட்டாங்க கோயில்ல."

"முதுகு வலிப்பா."

"போன வருஷமும் அதானே சொன்னீங்க?"

"அதே முதுகுதானேப்பா!"

தையல்காரர் சிரிக்கவில்லை. அவர் கடைவாசலில் பல்லக்கு ஒருமுறைகூடச் சக்கரத்தில் போனதில்லை. விழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. சத்தம் சார் மனைவியோடு வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பிவிட்டார்.

போன ஊரில் அன்று திருவிழா. குறுகலான கல்தெரு, மாடியெல்லாம் தலைகள், ஆண்கள் தோளில் ஆடி ஆடி வருகிறது ஒரு பெரிய மரப்பல்லக்கு. நம்மவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து வர்ணனையை ஆரம்பித்தார்.

"எப்படி அசைஞ்சு வர்றாங்க பாரு! பிரபஞ்சத்தோட அசைவு அது."

"கனமா இருக்கும்ங்க," என்றார் மனைவி.

"உனக்கு எதிலயும் ஆழம் கிடையாது."

பல்லக்கு அவருக்கு நேராக நின்றது. சுமந்தவர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார். காலியான இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் கூட்டத்தைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் சத்தம் சார். மொழி தெரியாது. தெரிந்திருந்தால் முதுகு வலி என்று சொல்லியிருப்பார். அந்த ஆள் தன் தோளைத் தட்டிக் காட்டினார். சத்தம் சார் கைபேசியை மனைவி கையில் திணித்துவிட்டு உள்ளே புகுந்தார்.

இரண்டு தெரு தூக்கினார். மனைவி எடுத்த வீடியோ படத்தை நானும் பார்த்தேன். வியர்வை வழிய, கண் பிதுங்க, இப்படியும் அப்படியும் சாய்கிறார். பின்னணியில் அந்த அம்மாளின் குரல்: "ஏங்க, இது பிரபஞ்சமா, கனமா?"

ஊர் திரும்பியதும் அந்த அம்மாள் செய்த முதல் வேலை, படத்தைத் தையல்காரரிடம் காட்டியதுதான். அவர் இருமுறை பார்த்தார்.

"நல்லாத்தான் தூக்குறாரு. நம்ம சாமிக்குத்தான் விமான டிக்கெட் எடுக்க வசதியில்ல."

அதற்குப் பிறகு அவர் மாடியேறி வரவில்லை. பல்லக்கை ஏற்றும் வண்டி வந்து கடையோரம் நின்றது.

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கைபேசியில் எத்தனை ஊர்ச் சாமிகள் ஊர்வலம் போகின்றன என்று பாருங்கள். அதில் உங்கள் தெருவில் வந்தது ஒன்றாவது உண்டா? ஜன்னல் கொக்கி மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்குமே!

விழாவன்று மேளம் கேட்டதும் அம்மாள் வழக்கம்போல ஜன்னலைச் சாத்தப் போனார்.

"இருக்கட்டும்," என்றார் சத்தம் சார்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் படியிறங்கினார். தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியை ஓரமாகத் தள்ளினார்.

முதுகு என்ன ஆயிற்று என்று பிறகு பலரும் கேட்டுப் பார்த்தோம். அவர் தோளைத் தடவிக்கொண்டே படியேறிப் போனார்.