மதிலுக்கு இந்தப் பக்கம் படித்த பிலாட்டிஸ்

சாய்ந்தமருது,
ஷஃபான் பிறை 11

அன்புக்கும் மரியாதைக்குமுரிய மச்சான் ஜுனைட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி. அல்லாஹ்வின் கிருபையால் புத்தளத்தில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கச்சி றாஹிலா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், இடுப்பு சம்மதிக்கவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாரி வலிக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, பிலாட்டிஸ் உடற்பயிற்சி தொடங்கலாமா, புதிதாகத் தொடங்குகிற ஆள் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். குரலில் பதில் சொன்னால் அடுப்படியில் நிற்கிற றாஹிலாவின் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

தொடங்க வேண்டாம் மச்சான். காரணத்தையும் கேளுங்கள்.

பள்ளியில் நான் கதிரையில் இருந்து தொழத் தொடங்கி இரண்டு வருடம். போன நோன்பில் தராவீஹ் இரவுத் தொழுகைக்கு வரிசையின் ஓரத்தில் கதிரையைப் போட்டால், பக்கத்தில் நிற்பவர் சுஜூதுக்குப் போகிற நேரமெல்லாம் கதிரைக் கால் அவருடைய முழங்கையில் இடிக்கும். மனுசன் ஒன்றும் சொல்ல மாட்டார், கொஞ்சம் தள்ளிக்கொள்வார். பள்ளி நிறைந்த சனமும் நெற்றியை நிலத்தில் வைத்திருக்க, நான் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிமிர்ந்து இருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்னும். வருகிற நோன்புக்கு என் நெற்றியும் பள்ளி நிலத்தில் பட வேண்டும் என்று நிய்யத்து வைத்தேன். றாஹிலாவும் சொன்னாள். உங்கள் சின்னத் தங்கச்சி ஸப்னாவின் மகள் ஆதிலா பிசியோதெரபி படித்துவிட்டு வந்து, பக்கத்து வீட்டில், அதாவது எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், பெண்களுக்கு பிலாட்டிஸ் வகுப்பு நடத்துகிறாள் அல்லவா, அவளிடம் சொன்னால் உங்களுக்குத் தனியாகச் சொல்லித் தருவாள் என்றாள். நான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு சிரித்தேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் மதகுக் கதவு தூக்கினவனுக்குப் பாயில் படுத்துக் காலாட்டப் பழக்குகிறீர்களா என்று கேட்டேன். அவள் பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை. நாரி போனதைவிட அந்தச் சிரிப்புத்தான் மச்சான் எனக்கு இப்போது கவலை.

சிரித்தவன் பிறகு எந்த முகத்தோடு கேட்பது. அதனால் களவாகப் படித்தேன். காலை பத்து மணிக்கு வகுப்பு, றாஹிலாவும் அதற்குப் போய்விடுவாள். மதிலுக்கு இந்தப் பக்கம் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே பன்பாயை விரித்துப் படுத்துவிடுவேன். பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது, ஆதிலாவின் குரல் மட்டும்தான். முதல் இரண்டு நாளும் குரல் சரியாகக் கேட்கவில்லை. என்னுடைய நல்ல காலம், மூன்றாம் நாள் வகுப்பை முன் ஹோலிலிருந்து பின் விறாந்தைக்கு மாற்றினார்கள், பக்கத்தில் இருந்து சொல்கிற மாதிரிக் கேட்டது. ஒன்று எழுதி வையுங்கள். வெறும் வயிற்றில், இல்லாவிட்டால் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் செய்ய வேண்டும். நான் புட்டும் இறைச்சிக் கறியும் ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே போய்ப் படுத்து இரண்டு காலையும் தூக்கினேன். மூச்சை உள்ளே இழுங்கள் என்றாள், கறி வெளியே வந்தது. சாரனோடும் செய்யக் கூடாது. மீற்றர் பார்க்க வந்த மனுசன் கேற்றைத் திறந்த நேரம் என் கால் இரண்டும் மேலே, சாரன் கீழே. அவர் மீற்றரைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போனார், அல்லாஹ் அவருக்கு நல்லருள் புரியட்டும்.

ஆதிலா ஒவ்வொரு அசைவுக்கும் முதல் ஒரு கதை சொல்வாள், "புதுசா வந்தாக்கள் கால மடக்கி வெச்சுச் செய்யுங்க. பத்து எண்ணினாப் போதும். வலிச்சா நிப்பாட்டுங்க, வலியோட செய்யிறதுக்கு இது மல்லுக்கட்டு இல்ல." அது பெண்களுக்குச் சொல்வது, நமக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் பத்து என்றால் நான் காலை நீட்டியபடி நூறு. வலித்தால் மருந்து இறங்குகிறது என்று சந்தோசப்பட்டேன். பழைய வருத்தம் இருக்கிறவர்கள் முதலே சொல்லிப்போட வேணும் என்றும் சொன்னாள். இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு வெள்ளத்தில் மதகில் வழுக்கி விழுந்ததில் நடு முதுகில் ஒரு தட்டு விலகியதை நான் ஆரிட்டப் போய்ச் சொல்ற, நான் படிக்கிறதே ஆருக்கும் தெரியாதே.

ஒன்பதாம் நாள். மல்லாக்கப் படுத்தபடி முதுகை ஒவ்வொரு எலும்பாகப் பாயிலிருந்து உரித்து எடுக்கிற மாதிரி எழும்ப வேண்டுமாம். நான் ஒரே தூக்காகத் தூக்கினேன். முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதுக்கு மறுகா மேலேயும் போக ஏலா, கீழேயும் வர ஏலா. அந்த நேரம் பார்த்து மாரி மழையும் பிடித்துக்கொண்டது. சத்தம் போட்டால் மதிலுக்கு அங்கால ஒன்பது பெண்கள். வகுப்பு நடக்கிற நேரம் மதிலடியில் ஒரு ஆம்பிளை படுத்துக் கிடந்தான் என்று கதை போனால் நாளைக்கு எந்த முகத்தோடு பள்ளிக்குப் போகிற. வாயைப் பொத்திக்கொண்டு நனைந்தபடி கிடந்தேன். மழைக்காகவாக்கும், வகுப்பை அன்று இருபது நிமிடம் முந்தியே விட்டார்கள். றாஹிலா ஓடி வந்தாள். தாங்கியைப் பார்க்க வந்து வழுக்கி விழுந்தேன் என்று பொய் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். ஆறு கிழமையாகத் தைலம் பூசுகிறாள், சோறு ஊட்டுகிறாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. நோன்புக்கு இன்னும் பத்தொன்பது நாளோ இருபது நாளோ. நெற்றியை நிலத்தில் வைக்கக் கேட்டவனுக்கு இப்போது இருந்த கதிரையும் இல்லை, கட்டிலில் கிடந்து கண்ணாலும் தலையாலும் சாடை காட்டித் தொழுகிறேன். நினைக்க நினைக்க அழுகை வருகிறது மச்சான்.

ஆகவே உங்களுக்கு இந்தப் பாதையே வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் பிடியுங்கள், துஆச் செய்யுங்கள். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாத்தைச் சேர்ப்பியுங்கள். உங்கள் நாரியையும் என் மானத்தையும் அல்லாஹ் காப்பாற்றட்டும். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டிலில் இருந்து,
உங்கள் மச்சான் உதுமாலெவ்வை

பி.கு: தபாலில் போடச் சொல்லி றாஹிலாவிடம் கொடுத்தேன். உறையை ஒட்ட மறந்துபோனேன். அவள் கட்டில் ஓரத்தில் இருந்து கடைசி வரி வரைக்கும் முழுக்க வாசித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னையும் சேத்து உள்ளுக்கு இருந்த ஒம்பது பேரும் ஆறு மாசம் பழகினாக்கள்" என்றாள். "புதுசா வந்தது நீங்க ஒராள்தான். நீங்க மூச்சு விடுற சத்தம் முதல் நாளே பின் விறாந்தைக்கு வந்த எல்லாருக்கும் கேட்ட. உங்களுக்குக் கேக்கட்டும் எண்டுதான் பின் விறாந்தைக்கு மாத்தச் சொன்ன நான். அண்டைக்கு மூச்சுச் சத்தம் நிண்டவுடன வகுப்ப விட்டுட்டு ஓடி வந்த."

தாங்கிக் கதை பொய் என்பதையும் அவள் ஆறு கிழமை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன் என்னைக் கூப்பிடல்ல?"

வெட்கத்தில் முகத்தைத் திருப்பலாம் என்று பார்த்தேன், அதற்கும் இடுப்பு விடவில்லை. ஆகவே மச்சான், தொடங்க வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிடுங்கள். நாளை பத்து மணிக்கு, டொக்டரிடமும் கேட்டுக்கொண்டு, ஆதிலா இந்தப் பக்கம் வருகிறாளாம். முதல் கிழமை மூச்சு மட்டும்தானாம். இந்த நோன்புக்கு நிலம் கிடைக்காது, கதிரை கிடைத்தாலே பெரிய காரியம் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். சம்மதமா என்று றாஹிலா கேட்டாள்.

ஓம் என்று சத்தமாகவே சொன்னேன்.