பவளக்கொடி ஓட்டின காத்தாடி விமானம்

என்னடி கேள்வி இது? கோழிக்கே ரெக்கை இருக்கே, அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர் விமானமாம்! உனக்கும்தான் ரெண்டு கால் இருக்கு. முக்குக்கடையில கொத்தமல்லி வாங்க ஸ்கூட்டர்லதானே போற? சும்மா கேளு.

ஒரு காட்டில பவளக்கொடின்னு ஒரு கோழி இருந்தா. நெஜமா பறந்தா வேலியைத் தாண்டுவா, அவ்வளவுதான். ஆனா வீட்டுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா, முன்னால காத்தாடி சுத்துமே, அந்தக் காலத்து விமானம், அதை மலை தாண்டி ஓட்டுவா. ஜெட்டு பிடிக்காது. "பட்டனைத் தட்டுனா தானாப் போவுது, அதுல நமக்கென்ன மரியாதை?"ம்பா. பழசுன்னா இஞ்சினைச் சூடேத்தணும், ஒரு டேங்க் காலியாகுறதுக்குள்ள அடுத்த டேங்குக்குத் திருப்பணும். நாலு மணிநேரப் பயணம்னா நாலு மணிநேரமும் உக்காரணும். நடுவுல எந்திரிச்சா அவ பைலட்டே இல்லையாம்.

அதுக்கு ஸ்டியரிங்கு கூரியர்ல வந்துச்சு. அந்தக் காட்டுக்குக் கூரியர் ஆமைதான். சாமான் வந்து சேர்றதுக்குள்ள கேரண்டி முடிஞ்சிடும். கேட்டா, "பத்திரமாக் கொண்டாந்தேனா இல்லையா?"ன்னு எதிர்க்கேள்வி வேற. ஒருவாட்டி முயலுக்குக் கல்யாணப் புடவை கொண்டாந்துச்சு பாரு, அதை அவ பேத்திதான் கட்டிக்கிட்டா. சரி, அதை விடு.

ஒரு நாள் கதவைத் தள்ளிக்கிட்டு நல்லமுத்து உள்ள வந்துட்டான். நரிதான். வீட்ல பொண்டாட்டி மசாலா அரைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கா.

"தாயி, கெளம்பு. குழம்புக்கு நேரமாச்சு."

பவளக்கொடி ஸ்டியரிங்கை இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. ஓடியிருக்கலாம், ஜன்னல் தெறந்துதான் கெடந்துச்சு. ஆனா விமானம் மலைக்கு மேல, மேகத்துக்குள்ள இருக்கே!

"அண்ணே, எறக்கிட்டு வந்துர்றேன். உள்ள இருபது பேரு இருக்காங்க."

"அடச்சீ, அது படம்தானே?"

"படமா இருந்தா என்ன? நம்மளை நம்பி பெல்ட்டு போட்டு உக்காந்திருக்காங்கல்ல?"

அந்த நேரம் பார்த்து இடது பக்க இஞ்சின் லொக்கு லொக்குன்னு இருமுது.

"டேங்க் காலிண்ணே! அந்தக் குமிழைத் திருப்பு! எனக்கு ரெக்கை ரெண்டும் ஸ்டியரிங்குல இருக்கு!"

"எது, செவப்பா?"

"பச்சை! பச்சைண்ணே!"

நல்லமுத்து பதறிப்போய்த் திருப்புனான். இருமல் நின்னு, இஞ்சின் சீராச் சுத்த ஆரம்பிச்சுது. பொறந்ததுலேர்ந்து அவன் யாரையும் காப்பாத்துனதே இல்ல. மூச்சு வாங்கிக்கிட்டுப் பக்கத்து ஸ்டூல்ல பொத்துன்னு உக்காந்தான்.

எறங்குறப்போ விமானம் தவளை மாதிரிக் குதிச்சு, சக்கரம் ஒடஞ்சு, வயக்காட்டுல மூக்கைக் குத்தி நின்னுச்சு. பவளக்கொடி கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டுனா.

"இந்தாண்ணே. கூட்டிட்டுப் போ."

நரிக்கு வந்துச்சு பாரு கோவம். "என்னத்த எறக்குன நீ? வேகத்தைக் கொறை, கொறைன்னு கத்துறேன், காதுல விழலையா? இதுல பைலட்டுன்னு பேரு வேற! மறுபடி மேல ஏத்து!"

"குழம்பு?"

"குழம்பு எங்க ஓடிப்போவுது? ஏத்துங்குறேன்!"

சாயங்காலம் நரி பொண்டாட்டி கரண்டியோட வாசல்ல வந்து நின்னா. "யோவ், கோழி எங்கய்யா?"

நல்லமுத்து திரும்பிக்கூடப் பாக்கல. "சத்தம் போடாத புள்ள. மழையில எறங்கிட்டிருக்கோம். கேப்டன் டென்சன்ல இருக்காங்க."

அவ என்ன பண்ணுவா பாவம்! போய் அந்த மசாலாவைக் கத்திரிக்காய்ல போட்டு, நிம்மதியாத் தனியாச் சாப்பிட்டுப் படுத்தாளாம்.

நீதி: உன்னைத் திங்க வர்றவனைப் பாத்து ஓடாதே. பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு, தப்பு கண்டுபிடிக்கிற வேலையைக் குடு. அப்புறம் அவனுக்குப் பசியே எடுக்காது.

ஏ தேன்மொழி! தண்ணிக்காரன் வாசல்ல கேனை வெச்சுட்டுப் போயிட்டான் பாரு, உள்ள தூக்கிட்டு வாடி!