கேளாத பாட்டுக்கு ஏகமனதாக ஓர் அபிப்பிராயம்

பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும் என்கிற மூடநம்பிக்கையை இந்த நாட்டில் முதன்முதலாக ஒழித்துக்கட்டிய பெருமை, பம்பாய் செம்பூரில் இயங்கும் எங்கள் 'வாராந்தரப் புதுப்பாட்டு அபிப்பிராய சபை'யையே சாரும். சுதந்திரம் வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அணை கட்டினார்கள், ஆலை கட்டினார்கள், எல்லாம் சரி. ஆனால் காதின் தயவு இல்லாமல் சங்கீதத்தைச் சீர்தூக்கிப் பார்க்கலாம் என்று யாராவது செய்து காட்டினார்களா? நாங்கள் காட்டினோம். அப்பேர்ப்பட்ட சபைக்கு நான் காரியதரிசியாக வாய்த்தது பூர்வஜன்ம புண்ணியம் என்று என் மனைவியைத் தவிர எல்லோரும் சொல்கிறார்கள்.

சபை ஞாயிறுதோறும் காலையில் எங்கள் காலனி மாடி ஹாலில் கூடும். அந்த வாரம் வெளியான சினிமாப் பாட்டு, கர்நாடக சங்கீதம், பக்திப் பாடல், இந்திப் பாட்டு, கஜல், கவாலி, கிதாரை வைத்துக்கொண்டு இளைஞர்கள் கத்துகிற மேல்நாட்டுப் பாட்டு எதுவும் எங்களிடமிருந்து தப்ப முடியாது. தாராவியில் இசைத்தட்டுக் கடையும் வாடகை ஒலிபெருக்கியும் வைத்திருக்கும் அபுதாஹிர், புதுத் தட்டுகளைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து தருவார். மத்தியானம் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். தட்டை இரவல் வாங்கி ஒரு கீறல்கூட விழாமல் திருப்பித் தருகிறவர்கள் இந்த ஊரிலேயே நீங்கள்தான் என்று அவர் எங்களைப் பாராட்டாத வாரமில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நாங்களும் அறியாமையால் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். முதல் வாரமே விபரீதம். எல்லோருக்கும் ஒரே பாட்டுப் பிடித்துப்போய், காபி வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அதைவிட மோசம். ஓர் இந்தி நடனப் பாட்டு ஓடும்போது தலைவி அபயாம்பாள் மாமியின் கால் நாற்காலிக்கு அடியில் தாளம் போட்டதை உறுப்பினர் தளவாய் பார்த்துவிட்டார். எறும்பு கடித்தது என்றார் மாமி. எறும்பு ஆதி தாளத்தில் கடிக்குமா என்றார் தளவாய். சபை உடையாமல் பிழைத்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகுதான் அந்தச் சரித்திரப் பிரசித்தி பெற்ற தீர்மானம் நிறைவேறியது. பாட்டைக் கேட்டால் பிடித்துப்போக வாய்ப்பிருக்கிறது. பிடித்துப்போனவன் நடுநிலையாக எப்படிப் பேசுவான்? ஆகவே கேட்டுவிட்டுச் சொல்லும் அபிப்பிராயம் எதுவும் செல்லாது. அன்று முதல் எங்கள் கிராமபோன் பெட்டிக்குப் பூவேலை செய்த உறை போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூ ஜாடி வைத்திருக்கிறோம்.

கேட்காமல் எப்படி என்று பாமரர்கள் வியப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் தளவாய், திருநெல்வேலிக்காரர், சினிமாப் பாட்டில் நிபுணர். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கோடுகள் நெருக்கமாக இருந்தால் வார்த்தை அதிகம், இடைவெளி விட்டிருந்தால் பிடில் என்று அடித்துச் சொல்வார். உல்லாஸ்நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் பாய்க்கு இந்தியும் கஜலும். அவர் தட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துச் சாயம் நிற்குமா போகுமா என்று சொல்லிவிடுவார். மேல்நாட்டு இசை சந்தியாகுவுடையது. அவர் கொலாபாவில் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதியவர். அங்கே சனிக்கிழமை தோறும் பேண்டு வாசிப்பார்கள். கணக்கு அறை நிலவறையில் இருந்தது என்பது வேறு விஷயம். கர்நாடகமும் பக்தியும் மாதுங்காவிலிருந்து வரும் அபயாம்பாள் மாமியின் ஆட்சி. மாமி தட்டைத் தொடவே மாட்டார். பாடினவரின் பெயருக்கு முன்னால் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்பார். எதிலும் சேராத மிச்சம் மீதி என் பொறுப்பு.

எங்கள் அபிப்பிராயத்தின் செல்வாக்கு லேசுப்பட்டதல்ல. வாராவாரம் படியெடுத்துத் தமிழர் வீடுகளுக்கு அனுப்புகிறோம். அதைப் படித்தவுடன், பிடித்திருந்த பாட்டு பலருக்குப் பிடிக்காமல் போய்விடும். விக்ரோலியில் ஒருவர் முகச்சவரம் செய்யும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். அவர் மனைவி எங்கள் அபிப்பிராயத்தைப் படித்துக் காட்டினாளாம். மனிதர் பாதிக் கன்னத்தோடு ஆபீசுக்குப் போய்விட்டார். இதைவிட ஒரு விமர்சன சபைக்கு வேறென்ன வேண்டும்?

இவ்வளவு உயரத்தில் நாங்கள் இருந்தபோதுதான் அன்னமேரி வந்தாள்.

தாராவிப் பெண், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தகப்பனார் அமிர்தநாதன் தோல் கிடங்கில் மேஸ்திரி. மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, கோட்டைப் பகுதியில் சின்னதாக இசைத்தட்டுக் கம்பெனி நடத்தும் ஒரு குஜராத்தி சேட் அவளை வைத்து ஒரே ஒரு தட்டுப் போட்டிருந்தார். சேட்டுக்குக் குரல் பிடித்திருந்தது. ஆனால் தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. தமிழ்ப் பாட்டுக்குத் தமிழ்ப் பெரியவர்கள் நல்ல வார்த்தை சொல்லட்டும், அடுத்த தட்டுப் போடுகிறேன். இல்லாவிட்டால் இத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். அமிர்தநாதனும் அதையே பிடித்துக்கொண்டார். படித்த மனுஷர்கள் நல்லா இருக்கு என்றால் பாடு, இல்லையென்றால் பாட்டை மூட்டை கட்டிவிட்டு வேலைக்குப் போ என்று மகளிடம் சொல்லியிருந்தார். ஆக, அந்தப் பெண் இனிமேல் பாடுவதா வேண்டாமா என்கிற கேள்வி எங்கள் மேஜைமேல் காபி டம்ளர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், செய்தித்தாளில் சுற்றிய தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அபுதாஹிர் அவளை அறிமுகப்படுத்திவிட்டு, எதிர்க் கட்டிடத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்ட வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டார். அவள் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். தன் ஊர்ப் பேச்சுக்காரர் என்கிற உரிமையில் தளவாயிடம்தான் பேசினாள்.

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லுங்க அண்ணாச்சி. ஆனா ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க."

"கேட்டுட்டுன்னா யாரு வேணும்னாலும் சொல்லிருவாம்லா. அதுக்கு எதுக்கும்மா ஒரு சபை?" என்றார் தளவாய்.

அவள் பூ ஜாடி வைத்த கிராமபோன் பெட்டியைப் பார்த்தாள். நான் சபையின் விதிகளை எடுத்துச் சொன்னேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டாள். புரிந்த மாதிரிதான் தெரியவில்லை.

பிறகு, இது யாருடைய இலாகாவில் வருகிறது என்கிற பிரச்சினை எழுந்தது. என்னென்ன வாத்தியம் என்று விசாரித்தோம். கிதார், டோலக், ஆர்மோனியம் என்றாள். கிதார் இருப்பதால் சந்தியாகு கை நீட்டினார். டோலக் இருப்பதால் பாய் விடவில்லை. சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டைத் தொட்டால் தன் கௌரவம் என்னாவது என்றார் தளவாய். மாமி, பாட்டில் சுவாமி வருகிறாரா என்று கேட்டார். கடைசியில் ஒரு தடவை வருவார் என்றாள் அன்னமேரி. கடைசியில் வருகிறவரைப் பக்தியில் சேர்க்க முடியாது, அது பயத்தில் சேர்ந்தது என்று மாமி தள்ளிவிட்டார். அரை மணி நேரம் அனல் பறந்த விவாதத்துக்குப் பிறகு, எல்லோரும் சேர்ந்தே அபிப்பிராயம் சொல்வது என்று முடிவாயிற்று. ஒரு புதுப் பாடகிக்கு இப்பேர்ப்பட்ட கௌரவத்தைச் சபை அதற்கு முன் கொடுத்ததே இல்லை.

தட்டு கை மாறியது. பாய் கட்டைவிரலால் தேய்த்து, முந்தானை நன்றாக இருக்கிறது, உடம்பு லேசு என்றார். சந்தியாகு கிதார் ரொம்ப இரைச்சல் என்றார். நிலவறை வரைக்கும் கேட்குமாம். தளவாய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்குகிறது என்று கண்டுபிடித்தார். மாமி தட்டைப் பார்க்காமல் பெண்ணைத்தான் பார்த்தார். பாவம், நல்ல பெண்ணாக இருக்கிறாள், ஆனால் சாரீரம் என்றால் அது வேறு என்றார்.

"நீங்க இன்னும் கேக்கவே இல்லயே மாமி" என்றாள் அன்னமேரி.

"கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னா இத்தனை வருஷத்துக் கேள்வி ஞானம் எதுக்குடி?"

இதற்குமேல் வாதத்துக்கு இடமேது? நான் பேனாவை எடுத்தேன். 'மேற்படி இசைத்தட்டு இச்சபையின் முழுக் கவனத்துக்கும் உள்ளானது. குரலில் பக்குவமில்லை. கிதார் இரைச்சல். மூச்சுப் போதவில்லை. பாடகி வேறு துறைகளில் முயலலாம்' என்று எழுதி முடித்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அப்போது எதிர்க் கட்டிடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. கல்யாண வீட்டுக் கூச்சல் சபைக்கு ஆகாது என்பதால், ஜன்னலைச் சாத்த எழுந்து போனேன்.

போனவன் கொண்டியில் கை வைத்தபடி நின்றுவிட்டேன்.

ஒரு பெண் குரல். குழாயடியில் குடத்தோடு காத்து நிற்கிறவள் பக்கத்தில் நிற்பவளிடம் கதை சொல்வதுபோல ஆரம்பித்தது. நடுவில் ஒரு சிரிப்பு, பாட்டிலேயே சிரிப்பு. குழாயில் தண்ணீர் நின்றுபோகிற இடத்தில் வாத்தியமெல்லாம் ஓய்ந்துவிட, அந்தக் குரல் மட்டும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியே நடந்து போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், சாத்தப் போன ஜன்னலை நானே அகலத் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பாய் கண்ணை மூடியிருந்தார். சந்தியாகு, கிதார் என்றால் இப்படி அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்றார். எவ்வளவு நீளமாக இழுத்தும் மூச்சு வாங்கவில்லை பாருங்கள் என்றார் தளவாய். மாமியோ எல்லோர் கண்ணுக்கும் தெரிய, தொடையிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எறும்பின்மேல் பழி போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பாட்டு முடிந்ததும் அன்னமேரியின் பக்கம் வாஞ்சையோடு திரும்பினார்.

"பாத்தியோ? சாரீரம்னா இது. இவ யாருன்னு விசாரிச்சு, அவகிட்ட போய் நாலு நாள் கத்துக்கோ."

அன்னமேரி தளவாய் கையிலிருந்த தட்டைக் காட்டினாள்.

"அது நாந்தான் மாமி" என்றாள். "அபுதாஹிர் அண்ணங்கிட்ட ஒரு தட்டு குடுத்திருந்தேன். உங்க கையில இருக்கதும் அதே பாட்டுத்தான்."

சாதாரண மனிதர்களாக இருந்தால் இந்த இடத்தில் வெட்கப்பட்டு, எழுதின காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். சபை தன் மகத்துவத்தை நிலைநாட்டியது இங்கேதான். தளவாய் எழுந்து ஓர் ஒழுங்குப் பிரச்சினையைக் கிளப்பினார். இப்போது நாம் சொன்னதெல்லாம் காதால் கேட்டுச் சொன்னது. ஆகவே விதிப்படி செல்லாது. சொன்ன வாயோடு வாபஸ் வாங்கிக்கொண்டார். மாமி ஒரு படி மேலே போய், நீதிபதிகளின் காதில் விழும்படி பாட்டைப் போட வைத்தது தேர்தல் பிரசாரத்துக்குச் சமம், இதற்காகவே கண்டனம் சேர்க்க வேண்டும் என்றார். பெருந்தன்மையோடு கண்டனத்தைக் கைவிட்டோம்.

ஜெயினுலாப்தீன் பாய் இளகின மனசுக்காரர். நன்றாகத்தானே இருந்தது, நல்லதாக இரண்டு வரி சேர்த்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். நன்றாக இருந்தது உங்கள் காதுக்கா, கட்டைவிரலுக்கா என்று மடக்கினார் தளவாய். பாய் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். காதுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்னமேரி என் பக்கம் வந்தாள்.

"உங்க காதுல விழுந்தது நல்லா இருந்துச்சின்னு எழுதித் தந்தாப் போதும் சார். ஒரே ஒரு வரி. சேட்டு அடுத்த தட்டு போட்டுருவாரு."

"விழுந்தது வேறம்மா, பரிசீலிச்சது வேற" என்றேன். சொல்லும்போது பேனா கொஞ்சம் தயங்கியதென்னவோ உண்மை. அந்தத் தயக்கத்தை நான் வென்றேன். ஐந்து கையெழுத்தும் விழுந்தன, தீர்மானம் ஏகமனது. காகிதத்தை வாங்கி நாலாக மடித்து, தட்டோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்து நாலு ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. என் ஆறுதல் வீணாயிற்று.

சேட் அதை ஒரு தமிழ் குமாஸ்தாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். உங்கள் ஜனங்களே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கையை விரித்துவிட்டாராம். அபுதாஹிர் அதற்குப் பிறகு தட்டுக் கொண்டுவரவில்லை; வேலை அதிகமாம். எங்களுக்கு அதில் ஒரு குறையுமில்லை. தட்டே இல்லாமல் அபிப்பிராயம் சொல்லும் அடுத்த கட்டத்துக்குச் சபை முன்னேறிவிட்டது. பம்பாய்த் தமிழர்களிடையே நல்ல புதுக் குரல் ஒன்றுகூடத் தலையெடுக்கவில்லையே என்று சென்ற மாதம் மிகவும் வருந்தி, காரணம் கண்டறிய ஒரு விசாரணைக் குழு அமைத்தோம். உறுப்பினர்கள் நாங்களேதான்.

அன்னமேரி இப்போது பாடுவதில்லை. பங்குச் சாமியார் சிபாரிசில் வி.டி. ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு செய்யும் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு அங்கே வந்தால் மேலே ஒலிபெருக்கியில் அவள் குரல்தான். இன்ன லோக்கல் தாமதம், இன்ன வண்டி பிளாட்பாரம் மாறி வருகிறது என்று இந்தியிலும் மராத்தியிலும் சொல்கிறாள். அப்போது சபை உறுப்பினர்கள் நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும். தளவாய் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார். சந்தியாகு பக்கத்தில் பேசுகிறவர்களை அடக்குவார். ஜவுளி கொள்முதலுக்கு வந்து கல்யாண் வண்டிக்கு நிற்கும் பாய் தலையைச் சாய்த்து ஒரு காதை மேலே கொடுப்பார். நானும் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அபிப்பிராயம் என்று எவரும் வாயைத் திறப்பதில்லை. திறப்போமா? சரியாகக் கேட்காமல் விட்டால் வண்டி போய்விடும்; இந்தத் தடவை நஷ்டம் எங்களுக்கல்லவா?