மேட்னியில் எழுந்த கோவிந்தா

பக்தனுக்கு அச்சமில்லை என்று இளமையில் நான் பலரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திருப்பதியில் ஒரு சினிமாக் கொட்டகை அதைப் பொய்யாக்கிற்று. சாட்சிக்கு நானூறு பேர் இருந்தார்கள்.

ஆந்திரம் தனி மாநிலமாகியும் எல்லைக்கோடு எங்கே விழும் என்பது முடிவாகாதிருந்த காலம். எங்கள் நிலம் நகரியில். எனக்குப் பார்த்த பெண் திருத்தணியில். திருச்சானூர்க் கோயிலில், தாயார் சன்னிதியருகே, பெண் பார்த்தோம். அவள் நிமிரவில்லை. நான் பாசுரம் முணுமுணுப்பதாகப் பாவனை செய்து கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன் (தாயார் மன்னிப்பாளாக). பெண்ணின் தந்தைக்கு என்மீது குறையில்லை, எல்லையின்மீதுதான் கவலை.

"திருத்தணி மெட்ராஸோட போய், நகரி இங்கியே நின்னுட்டா, எம்பொண்ணு வேற ராஜ்யத்துல இல்ல குடித்தனம் பண்ணிகினு இருப்பா?" என்று என் நைனாவிடம் கேட்டார். சாயங்கால பஸ் ஏறுமுன் முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அதுவரை பொழுதைப் போக்க மேட்னிக்குப் போகலாம் என்றவர் பெண்ணின் அண்ணன் முனிரத்தினம். திகில் படம், அதன் தொடக்கக் காட்சியைப் பற்றி மட்டும் ஒரு மாதமாகக் கேள்விப்பட்டு ஏங்கியிருந்தாராம். அதுவரை சினிமா பார்த்தறியாத என்னை, பயந்துவிடுவேனோ என்று அவர் சீண்டியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நைனா பஸ் நிலையத்திலேயே தங்கிவிட்டார். பெண்ணும் அவள் தாயும் கட்டைச் சுவருக்கப்பால் பெண்கள் பகுதியில் அமர்ந்தார்கள்; நான் பெண்ணின் தந்தைக்கும் (அவரை அதற்குள் மாமா என்று அழைக்கத் தொடங்கியிருந்தேன்) முனிரத்தினத்துக்கும் நடுவில். சுற்றிலும், மலையிறங்கி வந்த யாத்திரிகர்களின் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்.

படம் தொடங்கிற்று. முழு இருள், கடிகாரத்தின் ஒலி மட்டும். பிறகு ஒரு படிக்கட்டு. அதில் முதலில் ஆள் வரவில்லை, நிழல் வந்தது. அது சுவரில் வளர வளர வாத்தியங்களும் ஏறின. உச்சியில் பட்டென்று நின்றன. காட்ட வேண்டியதைக் காட்டாமல் தாமதிப்பதிலேயே அச்சம் விளைகிறது என்பதை, எடுத்தவர் நன்கு அறிந்திருந்தார். நான்தான் அறியவில்லை. என் விரல்கள் மாமாவின் முழங்கையைப் பற்றியிருந்தன.

அந்த மௌனத்தில், வாசலில் தொங்கிய திரைச்சீலை அசைந்தது. எங்கோ ஒரு மணி ஒலித்தது. சீலை விலகிற்று. காமிரா ஒரு ஜோடி பூட்ஸில் நிலைத்து நின்று, மெல்ல, மிக மெல்ல, மேலே ஏறத் தொடங்கிற்று: பாதம், முழங்கால், இடை, மார்பு.

வாசகர்கள் என் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இருண்ட கருவறை, திரை, மணி, திருவடியில் தொடங்கித் திருமுகத்துக்கு உயரும் தீபம். பிறந்தது முதல் நான் மூச்சடக்கிக் காத்திருந்த காட்சி இது ஒன்றே. புத்தி தடுக்குமுன் உடம்பு எழுந்துவிட்டது. கைகள் தலைக்குமேல் குவிந்தன. திரையிலிருந்தவன் முகத்தில் ஒளி விழுந்த கணத்தில், கோயில் பாசுர கோஷ்டியில் பழகிய முழுக்குரலில் "கோவிந்தா" என்றேன்.

மொட்டைத் தலைகள் யாவும் என் பக்கம் திரும்பின. பிறகு பெண்கள் பகுதியிலிருந்து ஒரு மெல்லிய குரல் "கோவிந்தா" என்றது. அவ்வளவுதான். ஒருவர் அழைத்தால் உடனிருப்போர் அனைவரும் பதில் கொடுப்பது மலையேறும் அடியார் மரபு. நானூறு மொட்டைகளும் (முந்நூறாகவும் இருக்கலாம்) தகரக் கூரை அதிரக் கொடுத்தார்கள். திரையில் கத்தியோடு நின்ற கொலைகாரன் இப்படியொரு வரவேற்பை எதிர்பார்த்திருக்க மாட்டான்.

விளக்குகள் எரிந்தன. தொடங்கியவன் யார் என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டார். என் கைகள் இன்னும் தலைக்குமேலேயே இருந்தபடியால் மறுக்க வழியில்லை. மரியாதையாக வெளியே அனுப்பப்பட்டோம்.

"கொலைகாரன் வந்தா கும்புடுவியா மாப்பிள நீ? ஒரு மாசமா காத்துகினு இருந்தேனே," என்றார் முனிரத்தினம். மாமா எதுவும் பேசவில்லை. பஸ் நிலையம் வரையிலான அந்த மௌனத்தின் முன் படத்தின் மௌனம் ஒன்றுமேயில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு கட்டினேன். தலை குனிந்து நடந்த பெண்ணை, இனிப் பார்க்கப்போவதில்லை என்னும் துணிவில், நன்றாகவே பார்த்தேன்.

பஸ் உறுமத் தொடங்கியபோது, பெண்ணின் தாய் மாமாவின் காதில் ஏதோ சொன்னார். மாமா மகளைப் பார்த்தார். பின்பு நைனாவிடம் திரும்பினார்.

"எல்லைய எங்க வேணா போட்டுக்கட்டும். இவரு கூப்ட்டாரு, எம்பொண்ணு முதல்ல பதில் சொல்லிட்டா. நடுவுல நான் பேச இன்னா இருக்குது?"

எல்லை பின்னர் மாமா அஞ்சியபடியே விழுந்தது: திருத்தணி அந்தப் பக்கம், நகரி இந்தப் பக்கம். முனிரத்தினத்துக்கு அந்தப் படத்தின் மிச்சம் கடைசிவரை கிட்டவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அதை அவர் எல்லோரிடமும் முறையிட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் திகில் படம் பார்க்கையில், ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தால் போதும், அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொள்கிறேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் என் மனைவிதான், நிமிராமலேயே, "கோவிந்தா" என்கிறாள்.

பதில் சொல்லாமலிருக்க எனக்குத் தெரியவில்லை.